ரசம் எப்போது நுரைகட்டும்?

புளித்தண்ணீர் கொதித்துப் பச்சை வாசனை போய்விட்டது. பருப்புத் தண்ணீர் விட்டு விளாவியாயிற்று. இனி அடுப்பின் முன் நிற்பவருக்கு ஒரே வேலைதான்: நுரைகட்டி மேலே வரும்போது ரசத்தை இறக்குவது. சமைத்துப் பழகிய கை இதில் தவறாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே சரியான நேரத்தில் அடுப்பை அணைக்கும். அவரிடமே இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "மேலே மிதக்குதே அந்தத் தக்காளித் தோல், இன்னும் ரெண்டு நிமிஷத்துல எந்தப் பக்கம் இருக்கும்?" பதில் வராது. முறைப்பு வேண்டுமானால் வரும்.

வானிலை முன்கணிப்பில் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் பல வருடங்கள் இந்தத் தக்காளித் தோலின் பின்னால்தான் அலைகிறார்கள். நுரையை முன்கூட்டிச் சொல்வது வேறு வகைக் கணக்கு. இரண்டும் நடப்பது ஒரே பாத்திரத்தில். ஒன்று பிடிபடுகிறது, மற்றது நழுவுகிறது. ஏன் என்று பார்க்க உங்களையே அந்த அடுப்பின் முன் நிறுத்துகிறேன். பி.எச்டி.க்குச் சேர்ந்திருக்கிறீர்கள். பேராசிரியர் சொல்லியாயிற்று: "முதல்ல சின்னதா ஒண்ணைப் போட்டுப் பாருங்க."

முதல் பாத்திரம்

அந்தச் சின்னது, மூன்று சமன்பாடுகள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த எட்வர்ட் லாரன்ஸ் 1963-இல் வெளியிட்டவை. எதைப் பற்றியவை என்று பார்த்தால், அடியில் சூடேறும் ஒரு திரவத்தைப் பற்றி. அதாவது நம் பாத்திரமேதான். உவமை என்று சொல்லக்கூடத் தேவையில்லை. அடியில் சூடான ரசம் லேசாகி மேலே வருகிறது, மேலே ஆறிக் கனத்து இறங்குகிறது. இந்தச் சுழற்சியை மூன்றே எண்களில் அவர் அடக்கினார். சுழற்சி எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் என்பது ஒன்று. ஏறும் பக்கத்துக்கும் இறங்கும் பக்கத்துக்கும் சூட்டில் என்ன வித்தியாசம் என்பது இரண்டாவது. அடியிலிருந்து மேல்வரை சூடு சீராகக் குறையாமல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது மூன்றாவது.

அடுப்புக் குமிழும் சமன்பாட்டுக்குள் இருக்கிறது. ரோ என்ற எண் அது. அதை 1-க்குக் கீழே வைத்தால் ரசம் அசையாது. சூடு மட்டும் சத்தமில்லாமல் மேலே கடக்கும். கொஞ்சம் கூட்டினால் சுழற்சி தொடங்கி ஒரே திசையில் நிதானமாகச் சுற்றும். மற்ற இரண்டு எண்களை லாரன்ஸ் வைத்தபடியே 10, 8/3 என்று விட்டுவிட்டு, குமிழை 24.74-க்கு மேல் திருப்பினால் ரகளை ஆரம்பம். அவர் வைத்தது 28. சுழற்சி ஒரு பக்கமாகச் சில சுற்று சுற்றும், சட்டென்று திசை மாறும், அந்தப் பக்கம் ஒரே சுற்று, மறுபடி இந்தப் பக்கம் பல சுற்று. நடந்தது அப்படியே திரும்ப நடப்பதே இல்லை. இத்தனைக்கும் அதிர்ஷ்டத்துக்கு அதில் இடம் கிடையாது. இந்தக் கணத்தின் மூன்று எண்களே அடுத்த கணத்தை முழுக்கத் தீர்மானிக்கின்றன. (நிஜப் பாத்திரத்தை இவ்வளவு தீயில் வைத்தால் மூன்று எண்களால் அதைச் சமாளிக்க முடியாது. லாரன்ஸுக்கும் அது தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது ரசம் அல்ல, இப்படி நடந்துகொள்ளும் மிகச் சிறிய கணக்கு.)

இதற்கு முன்பே, 1961-இல், பன்னிரண்டு சமன்பாடுகள் கொண்ட ஒரு பொம்மை வானிலையை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மேஜை அளவுக்கு இருந்த எல்.ஜி.பி.-30 என்ற கணினியில். பழைய கணக்கு ஒன்றை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட, தாளில் அச்சாகியிருந்த எண்ணைத் தட்டச்சு செய்தார். உள்ளே இருந்தது 0.506127; தாளில் இடம் மிச்சம் பிடிக்க அச்சானது 0.506. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், புதிய வானிலைக்கும் பழையதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கதை எல்லாப் புத்தகங்களிலும் வரும். அதில் எனக்குப் பிடித்த இடம், அவர் முதலில் இயற்கையின் ரகசியம் எதையும் சந்தேகிக்கவில்லை என்பது. கணினியில் ஏதோ வால்வு போய்விட்டது, ஆளைக் கூப்பிடவேண்டும் என்றுதான் நினைத்தார். எண்களை வரிவரியாக ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தது: வித்தியாசம் ஒரே அடியாக வரவில்லை, கணக்கின் வானிலையில் ஏறக்குறைய நான்கு நாளுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது.

அந்தக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் இருபதுகளில் இருந்த இரண்டு பெண்கள். முதலில் மார்கரெட் ஹாமில்டன். அவரே பிறகு அப்போலோ விண்கலத்தின் மென்பொருள் பணிக்குத் தலைமை தாங்கினார். அவருக்குப் பின் வந்தவர் எலன் ஃபெட்டர். 1963 கட்டுரையின் கணக்குகளும் வரைபடங்களும் ஃபெட்டர் செய்தவை. கட்டுரையில் அவர் பெயர் நன்றி சொல்லும் பகுதியில் இருக்கிறது. இன்றைய வழக்கப்படி இணையாசிரியராக வரவேண்டிய வேலை அது என்று இந்தத் துறையில் பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கரண்டியில் எடுத்துப் பார்ப்பது

முதல் வருடம் முடிந்தது. இப்போது நிஜ வானம்.

வானிலையைக் கணக்கிடும் மாடல் ஓட வேண்டுமானால் பாத்திரத்தில் இந்த நிமிஷம் எங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு என்று தெரியவேண்டும். கையில் இருப்பதோ ஒரு கரண்டி. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில், இந்தியக் கணக்குப்படி காலையிலும் மாலையிலும் ஐந்தரை மணியை ஒட்டி, கருவி கட்டிய பலூன்களைப் பறக்க விடுகிறார்கள். மீனம்பாக்கத்திலிருந்தும் ஒன்று போகும். விமானங்களும் கப்பல்களும் அனுப்பும் அளவுகள் தனி. கடலுக்கு மேலே இருக்கும் காற்றைப் பற்றிப் பெரும்பாலும் சொல்வது செயற்கைக்கோள்கள். அவையும் சூட்டை நேராக அளப்பதில்லை, மேலே வரும் கதிர்வீச்சைப் பார்த்து நாம்தான் சூட்டைக் கணக்கிட்டுக்கொள்கிறோம். இவ்வளவு சேர்த்தாலும் மாடலுக்குத் தேவையான எண்களில் சிறு பங்குதான் அளவையாகக் கிடைக்கும்.

மிச்சத்தை எப்படி நிரப்புவது? சமைப்பவரைப் பாருங்கள். எவ்வளவு உப்புப் போட்டோம் என்பது அவர் கைக்குத் தெரியும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தால் நாக்கு வேறு ஏதோ சொல்கிறது. கையை நம்புவதா, நாக்கை நம்புவதா? இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம். ஜலதோஷம் பிடித்த அன்று நாக்குக்குக் குறைவாக, கைக்கு அதிகமாக. டேட்டா அசிமிலேஷன் என்று பெரிய பெயரில் நடப்பது இதுதான். சில மணி நேரம் முன்பு மாடல் சொன்ன முன்கணிப்பு, கை. புதிதாக வந்த அளவைகள், நாக்கு. எது எவ்வளவு தவறும் என்பதைப் பொறுத்து எடை போட்டு இரண்டையும் கலக்கிறார்கள். கேட்கச் சுலபம். பல கோடி எண்கள். ஒவ்வொன்றின் பிழையும் பக்கத்தில் இருப்பதன் பிழையோடு சேர்ந்தே வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர் நீங்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைப்பார். உங்கள் நாட்கள் கழிவது இந்த எடைகளை மாற்றிப்போட்டு ஓட்டுவதிலும், சூப்பர் கம்ப்யூட்டரின் வரிசையில் உங்கள் முறை வருவதற்குக் காத்திருப்பதிலும்.

கலந்தால் மட்டும் போதாது, தளும்பல் அடங்க வேண்டும். இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தோல்வி. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், குவேக்கர் என்பதால் ஆயுதம் எடுக்க மறுத்தவர், முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில், வைக்கோல் குவியலை மேஜையாக வைத்துக்கொண்டு, 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் ஓரிடத்தின் காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு மாறியிருக்கும் என்று கையால் கணக்குப் போட்டார். விடை 145 ஹெக்டோபாஸ்கல். நிஜத்தில் அன்று அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. கணக்கு முறையில் கோளாறு இல்லை. அவர் எடுத்துக்கொண்ட காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தன. இறக்கி வைத்த அதிர்வில் தளும்பும் ரசத்தை அளந்துவிட்டு, இப்படியே போனால் கூரையைத் தொடும் என்று சொன்ன கதை. பல பத்தாண்டுகள் கழித்து அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் அதே எண்களின் தளும்பலை முதலில் அடக்கிவிட்டு அதே கணக்கை ஓட்டினார். நம்பக்கூடிய விடை வந்தது. நடுவில் ரிச்சர்ட்சனின் கையெழுத்துப் பிரதி போர்க்களத்தில் தொலைந்து, மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் கீழே கிடைத்தது. அதன் பிறகு, 1922-இல், தோற்ற கணக்கை ஒளிக்காமல் முழுதாகப் புத்தகத்தில் போட்டார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது தன் ஆய்வறிக்கையில் சரியாக வராத ஒரு படத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தவர்களுக்குத் தெரியும்.

கரண்டியின் அளவு என்று ஒரு சங்கதி உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இருக்கும் ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாடல், பூமியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டத்துக்கு ஒரே காற்று, ஒரே சூடு. சென்னையில் மயிலாப்பூரும் நுங்கம்பாக்கமும் ஒரே கரண்டியில் வந்துவிடும். 2021 டிசம்பர் 30 அன்று மதியத்திலிருந்து இரவு வரை சென்னையைப் புரட்டியெடுத்த மழையை யாரும் அந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. ஒரு நகரத்தின் மேல் சில மணி நேரம் நின்று கொட்டும் மேகக்கூட்டம் அந்தக் கரண்டிக்கு மிகச் சிறியது.

அப்படியானால் கரண்டியைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் தக்காளித் தோலைப் பிடித்துவிடலாமே? 1969-இல் லாரன்ஸ் இதற்குச் சொன்ன பதில், சிறு வித்தியாசம் பெரிதாக வளரும் அந்தப் பட்டாம்பூச்சிக் கதையைவிடக் கலவரமானது. சிறிய சுழல்கள் சீக்கிரம் கெடுகின்றன. ரசத்தில் விரற்கடை அளவுச் சுழல் ஒரு நொடியில் வேறாகிவிடும். பாத்திரம் முழுவதுமான சுழற்சி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கரண்டியைப் பாதியாக்கினால், நீங்கள் புதிதாகப் பிடித்த சிறு சுழல்கள் கொடுக்கும் கூடுதல் நேரம் முன்பு கிடைத்ததைவிடக் குறைவு. அடுத்த பாதிக்கு இன்னும் குறைவு. எவ்வளவு சேர்த்தாலும் மொத்தம் ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. வளிமண்டலத்துக்கு அந்த எல்லை சுமார் இரண்டு வாரம். பொதுவாகப் பட்டாம்பூச்சிக் கதையைச் சொல்லும்போது, அளவையைத் துல்லியமாக்கினால் காலத்தையும் நீட்டிக்கொண்டே போகலாம் என்ற நம்பிக்கை மிச்சமிருக்கும். இந்தப் பதிலில் அதுவும் இல்லை.

ஐம்பத்தொரு அடுப்பு

இங்கேதான் உங்கள் வேலையின் முகம் மாறுகிறது. விடை எவ்வளவு தவறாகும் என்பதையே முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

ஒரே செய்முறை, ஒரே தீ, ஐம்பத்தொரு அடுப்பு. ஒன்றில் உங்களுக்குத் தெரிந்த அளவு உப்பு. மற்ற ஐம்பதிலும் ஒரு கிள்ளு கூடவோ குறையவோ. எவ்வளவு என்பது உங்கள் நாக்கு எவ்வளவு தவறக்கூடும் என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி, ஐந்து நிமிஷம் கழித்து வரிசையாக எட்டிப் பாருங்கள். சில நாள் ஐம்பத்தொரு தக்காளித் தோலும் ஏறக்குறைய ஒரே பக்கம் ஒதுங்கியிருக்கும். அன்று தைரியமாகச் சொல்லலாம். சில நாள் ஆளுக்கொரு மூலை.

லாரன்ஸின் மூன்று சமன்பாடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சுழற்சி ஒரு திசையில் ஊன்றி ஓடும்போது பக்கத்துப் பக்கத்தில் தொடங்கிய புள்ளிகள் கூட்டமாகவே நகரும். திசை மாறப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் தொடங்கினால், பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் சிதறும். பிழை எப்போதும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சில நிலைகளிலிருந்து ஒரு வாரம் வரை பார்வை எட்டும், சில நிலைகளிலிருந்து மூன்று நாள்கூட எட்டாது. இன்று நாம் நிற்பது எந்த நிலை என்று கேட்பதற்குத்தான் அத்தனை அடுப்பு.

இதைத் தினசரி வேலையாக்கிய முன்னோடிகளில் ஒருவர் டிம் பால்மர். ஆக்ஸ்ஃபோர்டில் பொதுச் சார்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, கருந்துளைகளை விட்டு மழைக்கு வந்தவர். ரெடிங் மையமும் அமெரிக்க வானிலைத் துறையும் 1992 டிசம்பரில், இப்படிப் பல அடுப்பு ஏற்றிப் பார்க்கும் என்செம்பிள் முன்கணிப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன் ஒரு காயம் உண்டு. 1987 அக்டோபர் 15 அன்று மதியம் பி.பி.சி.யில் வானிலை அறிவிப்பாளர் மைக்கேல் ஃபிஷ், சூறாவளி வருவதாகச் சொன்ன ஒரு பெண்மணியின் பயத்தைச் சிரித்துத் தள்ளினார். அன்றிரவு தென் இங்கிலாந்தை அடித்த புயலில் பிரிட்டனில் 18 பேர் இறந்தார்கள். ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. பின்னாளில் அதே நிலைமையிலிருந்து ஐம்பது அடுப்புகளை ஏற்றிப் பார்த்தபோது, 66 மணி நேரத்தில் அவை கண்டபடி சிதறின. சிலவற்றில் கடும்புயல், சிலவற்றில் புயலின் சுவடே இல்லை. "வரும்" என்று அவற்றால் அடித்துச் சொல்ல முடியாது. "வராது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்" என்று சொல்ல முடியும்.

"நாளைக்கு 70 சதவீதம் மழை" என்பதைச் சரியா தவறா என்று ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. 70 என்று சொன்ன எல்லா நாட்களையும் பொறுக்கி எடுத்து, பத்துக்கு ஏழு நாள் பெய்ததா என்று எண்ண வேண்டும். ஒன்பது நாள் பெய்திருந்தால் நீங்கள் கோழை. ஐந்து நாள் என்றால் வாய்ச்சவடால். இந்தச் சரிபார்ப்புதான் இளம் ஆராய்ச்சியாளரின் பிழைப்பில் பாதி. புது யோசனை ஒன்று தோன்றினால் நேரே பெரிய மாடலில் கை வைக்க முடியாது. லாரன்ஸே 1990-களில் செய்து கொடுத்த நாற்பது எண்கள் கொண்ட ஒரு வட்டத்தில் முதலில் ஓட்டுவீர்கள். மடிக்கணினியில் நொடியில் ஓடும். அங்கே பிரமாதமாக வேலை செய்த யோசனைகளில் பெரும்பாலானவை பெரிய மாடலில் மண்ணைக் கவ்வும். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும், ஆனால் அப்படிப்பட்ட கட்டுரையைப் பிரசுரிக்கப் படும் பாடு தனிக் கதை.

தீயின் கணக்கு

இரண்டு வாரம்தான் எல்லை என்றால், வரும் பருவமழை எப்படி இருக்கும் என்று மாதங்கள் முன்பே சொல்கிறார்களே, அது எப்படி?

நுரைக்கு வருவோம். தக்காளித் தோல் எங்கே போகும் என்று தெரியாதவருக்கு நுரை எப்போது வரும் என்று தெரிந்தது தீயைப் பார்த்துத்தான். உள்ளே எந்தச் சுழல் எந்தப் பக்கம் ஓடினாலும், அடியிலிருந்து எவ்வளவு சூடு ஏறுகிறது என்பது மொத்தப் போக்கைக் கட்டிப்போடுகிறது. வெப்பமண்டல வளிமண்டலத்துக்கு அந்தத் தீ, கடல். காற்று நாள்தோறும் மாறும். கடலின் சூடு மாதக்கணக்கில் மாறும். எம்.ஐ.டி.யின் ஜூல் சார்னியும் அவர் மாணவர் ஜெகதீஷ் சுக்லாவும் 1981-இல் பருவமழையைப் பற்றி எழுதிய கட்டுரையின் சாரம் இது. சுக்லா உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்தில் மிர்தா என்ற கிராமத்துக்காரர். மழை பொய்த்தால் ஊரில் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர். மாடல்களில் தொடக்கக் காற்றை வேண்டுமென்றே தாறுமாறாக மாற்றி, கடலின் சூட்டை மட்டும் ஒன்றாக வைத்து ஓட்டினால், வெப்பமண்டலத்தில் விடைகள் ஒன்றையொன்று நெருங்குவதை அவர் காட்டினார். உப்பை எவ்வளவு மாற்றினாலும் இங்கே தீ ஜெயிக்கிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கம் தீயின் பிடி இவ்வளவு இறுக்கம் இல்லை. பருவமழையிலும் முழுப் பிடி கிடையாது. ஒரு பருவம் தூக்கலா குறைவா என்பதில் கடலுக்குப் பங்கு உண்டு; உங்கள் வயலில் எந்தத் தேதியில் பெய்யும் என்பது மறுபடி தக்காளித் தோல்தான்.

செய்முறை தெரியாத சமையல்காரர்

கடைசி வருடத்தில் இருக்கும்போது அடுப்படிக்குள் புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார். அவருக்குச் செய்முறை எதுவும் தெரியாது. வெப்பம் ஏன் மேலே போகிறது என்று கேட்டால் விழிப்பார். ஆனால் 1979 முதல் சேர்த்து வைத்த வானிலைப் பதிவு முழுவதையும், இப்படி இருந்தால் ஆறு மணி நேரத்தில் எப்படி ஆகும் என்று திரும்பத் திரும்பப் பார்த்த கண். 2023-இல் வெளியான ஹுவாவேயின் பாங்கு-வெதர், கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் ஆகிய செயற்கை நுண்ணறிவு மாடல்கள் இந்த வகை. பத்து நாள் முன்கணிப்பை கிராஃப்காஸ்ட் ஒரு நிமிடத்துக்குள் முடிக்கிறது. பல அளவுகோல்களில் பெரிய மாடலை முந்துகிறது. ரெடிங் மையமே 2025 பிப்ரவரியில் தன் சொந்த நுண்ணறிவு மாடலை அன்றாட நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது.

அதே 2023-இல் ஜெர்மனியின் டோபியாஸ் செல்ஸும் ஜார்ஜ் கிரெய்க்கும் பாங்கு-வெதரிடம் நீங்கள் முதல் வருடம் கேட்ட கேள்வியைக் கேட்டார்கள். தொடக்கத்தில் ஒரு கிள்ளு உப்பை, நிஜ அளவைப் பிழையைவிட மிகச் சிறிய கிள்ளை, மாற்றினால் என்ன ஆகும்? இயற்பியல் மாடலில் அந்தக் கிள்ளு சிறு சுழல்களில் பற்றிக்கொண்டு மளமளவென்று வளர்ந்தது. புதிய சமையல்காரர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவரை அப்படியே நம்பினால், நாக்கைச் சரிசெய்துகொண்டே போய் எத்தனை வாரத்துக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். 1969-இல் லாரன்ஸ் மூடிய கதவு அங்கே திறந்திருப்பதாகத் தெரிகிறது. கதவு நிஜமா, சிறு சுழல்களையே மழுப்பிவிட்டுச் சராசரியைச் சொல்லப் பழகியதால் வந்த தோற்றமா என்றால், கிடைத்திருக்கும் சான்றுகள் இரண்டாவது பக்கமே சாய்கின்றன.

நடைமுறையில் இதற்கு ஒரு விலை உண்டு. இவரை வைத்துக்கொண்டால் ஐம்பத்தொன்று என்ன, ஆயிரம் அடுப்பும் ஏற்றலாம். செலவு ஒரு பொருட்டே இல்லை. ஆயிரமும் அளவுக்கு மீறி ஒத்துப்போனால் 1987 போன்ற ஓர் இரவில் எச்சரிக்க ஆள் இருக்காது. அதனால் அடுத்து வந்த மாடல்களைச் சிதறவும் சேர்த்தே பழக்குகிறார்கள்: ஒற்றை விடையைச் சொல்லாமல், நடக்கக்கூடிய பல விடைகளைச் சரியான அகலத்தில் பரப்பிச் சொல்லும்படி. பரப்பின் அகலம் இப்போது நன்றாகவே பொருந்திவருகிறது. அந்த அகலம் நிஜச் சுழல்களிலிருந்து வருகிறதா, பழக்கத்திலிருந்து மட்டும் வருகிறதா என்று பிரித்தறிய இன்னும் யாரும் நல்ல சோதனையொன்றை முடிவாக வகுத்துவிடவில்லை. முதல் வருடத்து மூன்று சமன்பாடுகளை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால், அதில் தொடங்கலாம்.